காதும் மின்விசிறியும்

பத்திரிகையில் என் வேலை பெரும்பாலும் படங்களை வேண்டாம் என்று சொல்வதாக இருந்தது. சாயங்காலமானால் மாவட்டங்களிலிருந்து படங்கள் வந்து குவியும். ஆடியது, மங்கியது, தலை வெட்டுப்பட்டது, மாலை போடுகிறவரின் முதுகு மட்டும் தெரிவது, இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு மிஞ்சியதில் ஒன்றை எடுத்து, அதன் ஓரங்களையும் வெட்டிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஓரத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. அந்த வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து, குத்துக்கல்வலசையில் வீடு பிடித்த பிறகும் கண் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் பிளவுஸ் தைப்பவள். கல்யாணப் பிளவுஸ்களுக்கு ஆரி வேலையும் செய்வாள். சேலையிலிருந்து வெட்டிய கரைத் துண்டு, லைனிங் துணி, சிந்திய மணிகள், ஜரிகை நூலின் கடைசி முழம் என்று மிஞ்சுவதையெல்லாம் ஓர் உரச் சாக்கில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால், "கெடக்கட்டும்க்கா. இதென்ன சோறா கேக்குது?" என்பாள்.

ஒரு நாள் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தை நான் எடுத்த படம் ஒன்று அவள் கண்ணில் பட்டது. கோபுரத்தின் குறுக்கே மின்கம்பி போயிருந்தது. தூக்கிப் போடத்தான் வைத்திருந்தேன். அவள் வாங்கிப் போய், காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே கறுப்பு நூலைத் தைத்துக்கொண்டு வந்தாள். கம்பியில் ஒரு நீல மணி உட்கார்ந்திருந்தது. குருவியாம். கம்பி இல்லாத கோபுரப் படங்களும் என்னிடம் இருந்தன. அவற்றைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது.

அப்படித்தான் கூட்டாளிகள் ஆனோம். தேறாத படங்களும் அவள் சாக்கில் மிஞ்சியவையும் சேர்ந்து சுவரில் மாட்டும் ஒன்றாக மாறும். புதிதாகக் கட்டிப் பால்காய்ச்சும் வீடுகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஆட்கள் கேட்டு வந்தார்கள். எதை எடுப்பது, எங்கே வெட்டுவது என்பது என் வேலை. தையல் அவள் வேலை. நான் வெட்டி எறிந்த ஓரங்களைப் பொறுக்கி வைத்துக்கொள்வதும் அவள்தான்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புர்காவின் ஓரம் நனைந்திருந்தது. ஒரு பால்காய்ச்சு வீட்டில் எங்கள் வேலையைப் பார்த்ததாகச் சொன்னார்.

"படம் நல்லா இருக்கணும்னு இல்லையாமே?"

"நல்லா இல்லாட்டிதான் நாங்களே வாங்குவோம்" என்றாள் என் கூட்டாளி.

அவர் போனை எடுத்து நீட்டினார். ஒரு காது. அடுத்த படத்திலும் காது, கொஞ்சம் நரைமுடி. அடுத்ததில் ஓடுகிற மின்விசிறி. அடுத்தது முழுக்கச் சிவப்பு, விரலால் லென்ஸை மூடினால் வருகிற சிவப்பு. அதன்பின் கதவுத் திரையில் பாதி, மறுபடி காது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பத்திரிகையில் ஒற்றைப் பத்திப் படத்துக்குக்கூடத் தேறாது என்று மனதுக்குள் ஒதுக்கிக்கொண்டே போனேன்.

"எங்க மாமி" என்றார். மாமியாரைத்தான் சொன்னார்.

அவருடைய கணவர் சவூதியில் இருக்கிறார். நாள் தவறாமல் உம்மாவுக்கு வீடியோ காலில் பேசுவார். மாமிக்கோ போன் என்றால் காதில் வைப்பதுதான். முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னால், "அப்பொறம் எப்படிலே கேக்கும்?" என்று திரும்பவும் காதில் வைத்துவிடுவாராம். மகன் அங்கே இருந்தபடி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனைவிக்கு அனுப்புவார். 'இன்னைக்கும் உம்மா காதத்தான் காட்டுது' என்று கேலிக்கு அனுப்பியவை அத்தனையும். கட்டிலில் படுத்துக்கொண்டு பேசிய நாட்களில் மின்விசிறி வந்திருக்கிறது.

"மாமி மவுத்தாயிட்டாங்க. போன வருச நோம்புக்கு முந்தி. அன்னைக்கே அடக்கம். அவரால வந்துசேர முடியல. அதுக்கப்பொறம் லீவு வந்துச்சு. வேற ஆளுக்கு விட்டுக்குடுத்துட்டாரு. மறுபடியும் வந்துச்சு, அதையும் குடுத்துட்டாரு. கேட்டா, வந்து எங்கன பாக்கங்காரு. வீட்டுக்குள்ள நொழஞ்சு எங்கன பாக்கன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

கூட்டாளி ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பாக்கதுக்கு ஒரு எடம் வேணும். அது இருந்தா வந்துருவாரு. மூணு வருசமாச்சு, சின்னவன் அவர போன்லதான் பாத்துருக்கான்."

வேலை என்ன என்பது தெளிவாகிவிட்டது. அவர் கணவர் வீட்டுக்கு வர வேண்டும். நல்ல படம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். இருந்தது. உம்ராவுக்கு மக்கா போக எடுத்த பாஸ்போர்ட் படம். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, முகத்தில் ஒரு கோடுகூடத் தப்பாமல் பதிந்திருந்தது. இதையே பெரிதாக்கி, சுற்றிலும் துணி வேலை செய்துவிடலாமே என்றேன்.

அவர் மறுத்துத் தலையசைத்தார். "அத மாட்ட முடியாது. தொழுவுத வீட்டுல மொகத்த மாட்டக் கூடாதுன்னு மாமி ரொம்பக் கறாரு. கடையில குடுத்த காலண்டர்ல ஒரு பிள்ளை சிரிச்சுகிட்டு இருக்கும். அதும் மூஞ்சியில காயிதம் ஒட்டித்தான் ஆணியில போட்டாங்க. இத மாட்டுனேன்னு வைங்க, மதினி கழட்டிருவாங்க. மதினி விட்டாலும் மாமியே எந்திச்சு வந்து கழட்டுவாங்க."

மதினி என்றால் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ஆகவே, நான் ஒதுக்கிய படங்கள்தான் மிச்சம். அன்று மத்தியானம் அவற்றை முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். நல்லது எது என்று பார்க்காமல், என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். காதில் துளை இருந்தது, கம்மல் இல்லை. ஒரு படத்தில் சேலையின் கரை. இன்னொன்றில் கட்டைவிரலின் நகம் லென்ஸை ஒட்டி நிலவு மாதிரித் தெரிந்தது. ஒரே ஒரு படத்தில் கண் வந்திருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்த நொடியாக இருக்க வேண்டும். பாதி முகம், ஒரு கண், மூக்கின் ஓரம். அதை நடுவில் வைப்பது என்று முடிவு செய்தேன். கண் இருந்தால் பக்கத்தைப் புரட்டுகிறவர் நிற்பார். பத்திரிகை மேசையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

காகிதத்தில் வேண்டாம், துணியில் அச்சடிக்கலாம் என்றாள் கூட்டாளி. அதற்குக் குற்றாலத்துக்குப் போனோம். பேரருவிக்குப் போகும் வழியில், டீ சட்டையிலும் கோப்பையிலும் படம் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் முன்பு அருவியில் குளிப்பவர்களைப் படம் எடுத்தவர். சீசன் நேரம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் கூப்பிடுகிற சத்தமும் ஈரத் துணியோடு போகிறவர்களின் செருப்புச் சத்தமும் கடைக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. சுவர் ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய அவருடைய பழைய பிரிண்டுகள். லென்ஸில் அருவித் துளி விழுந்து, ஆட்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வட்டங்களாகிப்போனவை. யாரும் வாங்காமல் விட்டவை. அதில் பாதியை ஏற்கெனவே நாங்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தோம்.

கடையநல்லூர் மருமகள் அனுப்பியிருந்த படங்களைக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் திறந்தார்.

"யாரும்மா இது எடுத்தது? லென்ஸ மூடிகிட்டுல்லா எடுத்துருக்கான்."

"எடுத்த ஆளு சவூதியில இருக்காரு அண்ணாச்சி. மூடுன ஆளு கடையநல்லூர்ல இருந்தாங்க" என்றாள் கூட்டாளி.

அவர் இன்னும் சில படங்களைத் தள்ளிப் பார்த்தார். "காதாத்தான் வருது. இப்ப ஏஐன்னு ஒண்ணு வந்துருக்கு தெரியும்லா? இந்தக் காத குடுத்தோம்னா மொத்த மூஞ்சியவும் வரஞ்சு குடுத்துரும்."

"யாரு மூஞ்சிய?"

அவர் சிரித்துவிட்டார். "அதுக்குத் தெரிஞ்ச மூஞ்சிய."

"அது அங்கனயே இருக்கட்டும். எங்களுக்குக் காது போதும்."

கூட்டாளி கொண்டுபோன துணி, பிளவுஸுக்குப் போட்டு மிஞ்சிய வெள்ளை லைனிங். பருத்தியில் இந்த மிஷின் சாயம் சரியாக ஏறாது, வெளுத்துத்தான் வரும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று அண்ணாச்சி முன்கூட்டியே சொன்னார். வெளுத்துத்தான் வந்தது. மின்விசிறியின் இறக்கைகள் தண்ணீர் பட்டுக் கலைந்த மாதிரி இருந்தன. காதுகள் மட்டும் எப்படியோ நின்றன. சிவப்புப் படங்கள் ரோஜா நிறமாகிவிட்டன. அவரே ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார்.

வேலை தொடங்கியபோது மருமகள் வாரத்துக்கு ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே பச்சை, வெள்ளை, கத்தரிப்பூ நிறங்களில் நூல். வீட்டில் தறி இருந்தபோது லுங்கி நெய்து பாவு நூல் முடிகிற இடத்தில், மேற்கொண்டு நெய்ய முடியாமல் கொஞ்சம் நூல் நிற்கும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாமி அதைப் போடாமல் டப்பாவில் வைத்திருந்து, கறிவேப்பிலை கட்ட, பேத்தியின் சடை நுனியைக் கட்ட, உடைந்த அகப்பைக் காம்பைச் சுற்ற என்று எல்லாவற்றுக்கும் எடுப்பாராம். "இதுல முடிச்சுப் போடாத சாமான் எங்க வீட்டுல இல்ல" என்றார் மருமகள்.

கூட்டாளிக்குக் கை அரித்தது. காதின் துளையில் ஒரு கல் கம்மல் தைத்துவிட்டால் எடுப்பாக இருக்கும் என்றாள்.

"கம்மல மூத்த பேத்திக்குப் போட்டுட்டாங்க. அதுக்கப்பொறம் வெறுங்காதுதான். கம்மல் வச்சா அவருக்கு யாரோ மாதிரி இருக்கும்."

"அப்ப வேண்டாம்" என்று மணிகளை மூடி வைத்தாள். ஆனால் மின்விசிறியின் நடுவில் ஒரே ஒரு வெள்ளி மணி வைத்தாள்.

படத் துண்டுகளுக்கு நடுவே சேலைக் கரைகளை வைத்து இணைத்தாள். ஒரு கதவுத் திரை அளவுக்கு வளர்ந்தது. நடுவில் அந்தக் கண். கண்ணாடி போட்டுச் சட்டமிடுவதா என்று கேட்டேன். துணியாகவே தொங்கட்டும், மேலே ஒரு கம்பி போதும் என்றாள்.

முடிகிற தறுவாயில் மருமகள் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்ணும் இறங்கினார். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அது மதினி என்று தெரிந்துவிட்டது. யாரோ சொல்லி அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"எங்க உம்மாவ வச்சு என்னமோ செய்யுதீகளாமே. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். கூட்டாளி வெட்டு மேசையில் துணியை விரித்தாள். மதினி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். இந்தப் படங்களை அவர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகளுக்கு யார் வீடியோ காலில் பேசுவார்கள்?

"நான் பேசுனா எங்க உம்மா காதுல போட்டுக்கிடவே மாட்டா. அவனுக்கு மட்டும் இத்தன காது" என்றார்.

மருமகள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

மதினியின் விரல் நடுவுக்கு வந்து நின்றது. "இது கூடாது."

"மதினி, அது பாதிதான்..."

"பாதின்னாலும் கண்ணுல்லா. காது இருக்கட்டும், கை இருக்கட்டும், ஃபேனு இருக்கட்டும். பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நமக்குத் தெரியும், போதும். இது நம்மளப் பாக்குது. உம்மா இருந்தா விடுவாளா? நீயே சொல்லு."

மருமகள் அந்தக் கண்ணைப் பார்த்தபடி இருந்தார். அவரிடம் இருக்கிற அத்தனை படங்களிலும் மாமி திரும்பிப் பார்த்தது அந்த ஒன்றில்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் கணவரோடு இருந்ததைவிட மாமியோடு இருந்த நாட்கள்தான் அதிகம் என்று முந்தைய வாரம் சொல்லியிருந்தார். நான் வாதாடிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். நடுவில் வைத்தது நான்தான். ஆனால் அது என் பத்திரிகைப் பக்கம் இல்லை, அவர்கள் வீட்டுச் சுவர்.

"விடமாட்டாங்க" என்றார் மருமகள்.

தையல் பிரிக்கும் கருவியைக் கேட்டு வாங்கி, அவரே பிரித்தார். கூட்டாளி தன் வேலையைப் பிறர் பிரித்தால் தாங்கமாட்டாள். அன்று அறுந்த நூல்களை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். கண் இருந்த துண்டை மருமகள் மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். மதினி அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

துணியின் நடுவில் ஒரு சதுரம் காலியாக நின்றது. கூட்டாளி டப்பாவிலிருந்த நூலை எடுத்து, சதுரத்தின் மேலிருந்து கீழாக இழை இழையாக இழுத்துக் கட்டத் தொடங்கினாள். கைக்கு வந்த நிறத்தை எடுத்துக் கட்டினாள்.

"அப்படி இல்லம்மா" என்றார் மதினி. "பச்சைக்கு அடுத்து வெள்ள வரணும். பொறவு கத்தரிப்பூ, திரும்ப வெள்ள. எங்க வீட்டு லுங்கி அப்படித்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். கண் இருந்தவரை என் பார்வை அதிலேயே போய் நின்றுகொண்டிருந்தது. இப்போது நிற்க இடமில்லாமல் நகத்துக்குப் போனது, அங்கிருந்து திரைக்கு, மின்விசிறிக்கு. இது நல்லதா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. வேறு மாதிரி ஆகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கடையநல்லூருக்குப் போனோம். மருமகள் ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்திருந்தார். மேற்குச் சுவர் வேண்டாம், தொழும்போது எதிரே இருக்கக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். மாமியின் கட்டில் கிடந்த கிழக்குச் சுவர் என்று முடிவானது. கூட்டாளி துணியை விரித்து, இரு கைகளாலும் உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்ட்ட கேட்டியா?" என்றார் மதினி.

மருமகள் கேட்டிருக்கவில்லை. மாட்டி முடித்துப் படம் எடுத்து அனுப்புவதாக நினைத்திருந்தார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, லீவுப் பேச்சே இனி எடுக்க முடியாது.

"கேக்காம மாட்டப்பிடாது. அவனுக்கும் உம்மாதான்" என்று மதினியே போன் போட்டு, மணி அடிக்கும்போதே மருமகள் கையில் கொடுத்துவிட்டார்.

கணவருக்கு விடுமுறை நாள். பனியனோடு அறையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரும்புக் கட்டில்கள் தெரிந்தன. மருமகள் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. "இத பாருங்க" என்று கேமராவைத் திருப்பினார்.

"ஆட்டாத" என்றது குரல். "என்னது இது, திரையா?"

மருமகள் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டார். குரல் நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று மதினி எட்டிப் பார்த்தார். போகவில்லை.

"கொஞ்சம் கீழ காட்டு" என்றார். பிறகு, "இந்தப் பக்கம்." பிறகு, "இது எனக்குக் காய்ச்சல் வந்தப்ப. கஞ்சி குடி, கஞ்சி குடின்னு சொல்லிகிட்டே இருந்துச்சு." இன்னும் கொஞ்சம் கழித்து, "இந்த ஃபேனு நோம்புல. விடியுமுன்ன சகர் சோத்துக்கு எழுப்பிவிட்டுட்டு அதுவே தூங்கிருச்சு. நான் கட் பண்ணாம வச்சிருந்தேன்."

வெளுத்துப்போன துணியில், ஒரே மாதிரி இருக்கிற காதுகளில், எது என்றைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நடுவில் இருந்த நூலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மருமகள் ஒரு கையை எடுத்து முக்காட்டை இழுத்துவிட்டார், படம் ஆடியது. இந்தத் தடவை கணவர் ஆட்டாதே என்று சொல்லவில்லை.

"எங்கன மாட்டப்போற?"

"மாமி கட்டில் கெடந்த எடத்துல."

"ஆணி அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அடிக்காத. மடிச்சு வச்சிரு. நான் வந்து அடிக்கேன்."

மருமகள் எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மதினிதான் போனுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, இது புதுசா எடுத்த காங்கிரீட் சுவரு. நீ வந்து அடிச்சா மட்டும் ஆணி எறங்கிருமா? வரும்போது ஒரு டிரில்லு மிஷின் வாங்கிட்டு வா."

"எத்தன எம்எம் பிட்டு வேணும்?" என்று கேட்டார் அவர்.

மருமகள் திரும்பி என் கூட்டாளியைப் பார்த்தார். அவள் மேல்கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறு போதும்னு சொல்லுங்க" என்றாள்.

"ஆறாம்."

"இரு, எழுதிக்கிடுதேன்" என்றார். போனை எங்கோ மல்லாக்க வைத்தார் போலிருக்கிறது. திரையில் அந்த அறையின் கூரை மட்டும் தெரிந்தது, அவர் பேனா தேடுகிற சத்தம் கேட்டது.